சுவரில் படம், பெட்டியில் ரசீது

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் எல் கிரேக்கோ வரைந்த டொலேடோ நகரக் காட்சி இருக்கிறது. கரும்பச்சைக் குன்று, அதன் மேல் சாம்பல் நிற நகரம், அதற்கும் மேலே இதோ கொட்டிவிடுவேன் என்று நிற்கிற மேகம். படத்தின் கீழ் வரும் குறிப்பைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: ‘எச். ஓ. ஹேவ்மேயர் தொகுப்பு. திருமதி எச். ஓ. ஹேவ்மேயர் உயில் வழி அளித்தது, 1929.’

படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? ஹேவ்மேயர் என்றொரு பணக்காரர் ஆசைப்பட்டு வாங்கினார், அவர் காலத்துக்குப் பிறகு மனைவி அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் ஹேவ்மேயர் இறந்தது 1907 டிசம்பரில். இந்தப் படம் அந்த வீட்டுக்கு வந்தது 1909-ல். வாங்கியவர் அவருடைய மனைவி லூயிசின். குறிப்பில் அந்த அம்மாவின் சொந்தப் பெயர்கூட இல்லை.

குறிப்பு விட்டுவிட்டதைத் தாள்கள் சொல்கின்றன. விற்றவரின் கணக்கு, வாங்கியவருக்கு வந்த கடிதம், பணம் கைமாறிய தேதி. இப்படி ஒரு குடும்பத்தின் கையில் சேர்ந்து, பிறகு காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்த தாள்களின் குவியலைத்தான் குடும்ப ஆவணத் தொகுப்பு என்கிறார்கள். கலைப்பொருள் சேர்த்த குடும்பம் என்றால் அந்தக் குவியலுக்கு மதிப்பு இன்னும் கூடும். அது எப்படி உருவாகிறது, எப்படி அடுக்குகிறார்கள், எப்படிப் படிப்பது என்பதை ஹேவ்மேயர் குடும்பத்தையே வைத்துப் பார்ப்போம்.

யாரும் எழுதி வைக்காத வரலாறு

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். புத்தகத்தை நாலு பேர் படிக்கட்டும் என்று எழுதுகிறார்கள். ஆவணம் அன்றைய வேலை நடப்பதற்காக எழுதப்படுவது. நம் வீட்டு மொய் நோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்ற கணக்குக்காக எழுதியது அது. ஐம்பது வருடம் கழித்து எடுத்தால் எந்தப் பங்காளியோடு பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது, பதினோரு ரூபாய் பெரிய தொகையாக இருந்த காலம் எது, எந்த ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள் என்றெல்லாம் தெரிகிறது. எழுதியவர் இதையெல்லாம் சொல்ல நினைக்கவே இல்லை. அதனால்தான் அதை நம்பலாம்.

பணக்காரக் குடும்பம் என்றால் இதுவே பல மடங்கு. ஓவியம் வாங்கிய ரசீது, அதைக் கப்பலில் ஏற்றியதற்கான சீட்டு, காப்பீட்டுக்குப் போட்ட பட்டியல், படத்துக்கு மரச்சட்டம் போட்டவருக்குக் கொடுத்த கூலி, எந்த அறையில் எது தொங்கியது என்று காட்டும் புகைப்படம், உயிலும் உயிலில் பிறகு சேர்த்த திருத்தங்களும். நடுநடுவே விருந்து அழைப்பு, மருத்துவர் பில், பிள்ளைகள் எழுதிய கடிதம். இவை எல்லாம் கலந்துதான் வரும்.

ஹேவ்மேயர் (1847–1907) சர்க்கரை ஆலைக்காரர். அமெரிக்காவின் சர்க்கரை ஆலைகள் பலவற்றை 1887-ல் ஒரே பிடிக்குள் கொண்டுவந்த கூட்டமைப்பின் தலைவர். 1883-ல் லூயிசினை மணந்தார். ஓவிய ஆசை லூயிசினுக்கு அதற்கு முன்பே தொற்றியிருந்தது. 1874-ல் பாரிஸில் இருந்தபோது மேரி கசாட் என்ற அமெரிக்க ஓவியரோடு பழக்கம். கசாட் சொன்னார் என்பதற்காக 1877 வாக்கில், தன் கைச்செலவுப் பணம் போதாமல் சகோதரிகளிடமும் வாங்கிச் சேர்த்து, எட்கர் டெகாவின் பாலே ஒத்திகைப் படம் ஒன்றை 500 பிராங்குக்கு வாங்கினார். அன்றைக்கு அது சுமார் 100 டாலர். அந்தப் படம் இப்போது கன்சஸ் சிட்டியில் உள்ள நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1912 டிசம்பரில் பாரிஸில் ஆன்றி ரூவார் என்பவரின் தொகுப்பு ஏலத்துக்கு வந்தது. அதில் டெகாவின் இன்னொரு படம், கம்பியைப் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்யும் இரண்டு நடனப் பெண்கள். லூயிசினுக்காக துராந்-ருவெல் என்ற ஓவிய வணிகர் நிறுவனம் ஏலம் கேட்டது. ஏலம் 4,35,000 பிராங்கில் நின்றது. கட்டணமும் சேர்த்து 4,78,500. டெகா அப்போது உயிரோடு இருந்தார். உயிரோடு இருக்கும் ஓவியர் ஒருவரின் படத்துக்கு அது பெரிய சாதனை விலை. அதில் ஒரு பைசா அவருக்குப் போகவில்லை. அவர் எப்போதோ விற்றுவிட்ட படம்.

இந்த இரண்டு விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிவது தாள்கள் தப்பித்ததால்தான். முதல் விலை லூயிசின் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகளிலிருந்து வருகிறது. இரண்டாவது பொது ஏலம், பலரும் எழுதி வைத்தது. இரண்டும் ஒரே தரத்துச் சான்று இல்லை என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். வயதான காலத்தில் நினைவிலிருந்து எழுதிய எண்ணும், சுத்தியல் தட்டிய அன்றே பதிவான எண்ணும் ஒன்றாகாது.

கலைக்காமல் வைப்பது

லூயிசின் 1929 ஜனவரியில் இறந்தார். அவர் உயிலில் கொடுத்ததும், அதற்கு மேல் பிள்ளைகள் மூவர் சேர்த்துக் கொடுத்ததும் சேர்ந்து கிட்டத்தட்ட 2,000 கலைப்பொருட்கள் மெட்ரோபாலிட்டனுக்குப் போயின. குடும்பத்தின் கலைச் சேகரிப்பு தொடர்பான தாள்களும் இன்று அதே அருங்காட்சியகத்தின் காப்பகத்தில் உள்ளன. கசாட் லூயிசினுக்கு எழுதிய கடிதங்கள் அவற்றில் முக்கியமானவை.

இப்படி ஒரு குவியல் வந்து இறங்கினால் காப்பாளர் என்ன செய்வார்? நாமாக இருந்தால் எல்லாவற்றையும் கொட்டி, டெகா பற்றியது ஒரு பக்கம், கோயா பற்றியது ஒரு பக்கம் என்று பிரிப்போம். அவர் அதைச் செய்யவே மாட்டார். காப்பகத் தொழிலுக்கு இரண்டு பழைய விதிகள் உண்டு. ஒன்று, ஒருவரிடமிருந்து வந்த தாள்களை இன்னொருவருடைய தாள்களோடு கலக்கக் கூடாது. 1841-ல் பிரெஞ்சு அரசு தன் காப்பகங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை இதை விதியாக்கியது. இன்னொன்று, சொந்தக்காரர் எந்த வரிசையில் வைத்திருந்தாரோ அதைக் கலைக்கக் கூடாது. இது பிரஷ்யக் காப்பகத்தில் 1881-ல் விதியானது. 1898-ல் டச்சுக்காரர்கள் மூவர் எழுதிய கையேடு இரண்டையும் உலகம் முழுக்கப் பரப்பியது.

ஏன் இந்தப் பிடிவாதம்? ஒரு உறையில் வணிகரின் பில்லும், அதோடு ஒரு நண்பரின் கடிதமும், ஒரு துண்டுச்சீட்டில் பென்சிலால் எழுதிய மூன்று எண்களும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பில்லை பில்களோடும் கடிதத்தைக் கடிதங்களோடும் சேர்த்துவிட்டால் அந்தத் துண்டுச்சீட்டு வெறும் குப்பை. மூன்றும் ஒரே உறையில் இருந்தால், விலை பேசிக் குறைத்த கணக்கு அது என்று புரியும். தாள் எதன் பக்கத்தில் கிடந்தது என்பதும் ஒரு செய்திதான்.

அதனால் வரிசையைத் தொடாமல், துருப்பிடித்த குண்டூசி, ரப்பர் பேண்ட் இவற்றை மட்டும் எடுத்துவிட்டு, அமிலம் இல்லாத உறைகளில் போட்டுச் சாம்பல் நிற அட்டைப்பெட்டிகளில் அடுக்குவார்கள். அளவைத் தாள் எண்ணிச் சொல்வதில்லை. அலமாரியில் எத்தனை அடி நீளம் பிடிக்கிறது என்பதுதான் கணக்கு. ‘பன்னிரண்டு அடித் தொகுப்பு’ என்றால் பெட்டிகளை வரிசையாக நிறுத்தினால் பன்னிரண்டு அடி வரும் என்று அர்த்தம். முதல் முறை கேட்டபோது எனக்கு மரக்கடைக் கணக்கு மாதிரி இருந்தது.

அப்புறம் ஒரு வழிகாட்டிப் பட்டியல் தயாரிப்பார்கள். குடும்பம் யார், தாள்கள் எப்படி வந்தன, என்னென்ன பிரிவுகள், எந்தப் பெட்டியில் எந்தக் கோப்பு என்பதெல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலும் கோப்போடு பட்டியல் நின்றுவிடும். கோப்புக்குள் உள்ள ஒவ்வொரு கடிதத்துக்கும் குறிப்பு எழுத யாருக்கும் ஆயுள் போதாது. எனவே ‘கடிதங்கள், 1903–1908’ என்று ஒரு வரி கண்ணில் பட்டால் உள்ளே மூன்றும் இருக்கலாம், முந்நூறும் இருக்கலாம்.

ஒரு வரியைப் படித்துப் பார்ப்போம்

இந்தத் தாள்களைப் பிழிந்து எடுத்த சாறுதான் அருங்காட்சியக இணையதளங்களில் ‘உடைமை வரலாறு’ என்ற தலைப்பில் வருகிறது. டொலேடோ படத்துக்கு அதன் கடைசிப் பகுதியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி:

[துராந்-ருவெல், 1909 வரை]; திருமதி எச். ஓ. ஹேவ்மேயர், நியூயார்க் (1909 முதல் இறக்கும் வரை, 1929); மெட்ரோபாலிட்டனுக்கு உயில் வழி.

பார்க்க ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கிறது. நிறுத்தக் குறிகளைக் கவனியுங்கள். சதுர அடைப்புக்குறிக்குள் இருந்தால் அவர் வணிகர், விற்பதற்காக வைத்திருந்தவர். இரண்டு பெயர்களுக்கு நடுவே அரைப்புள்ளி வந்தால் படம் அவரிடமிருந்து இவருக்கு நேரடியாகப் போனது என்று பொருள். முற்றுப்புள்ளி வந்தால் நடுவே என்ன நடந்தது என்பதற்குச் சான்று இல்லை. அமெரிக்க அருங்காட்சியகங்கள் பலவும் பின்பற்றும் வழக்கம் இது. 1933-க்கும் 1945-க்கும் நடுவே ஐரோப்பாவில் இருந்த ஒரு படத்துக்கு அந்த இடத்தில் முற்றுப்புள்ளி இருந்தால், ஆராய்ச்சியாளர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். நாஜிகள் யூதக் குடும்பங்களிடம் பறித்த படமாக அது இருக்கக்கூடும். வியன்னாவின் பிளாக்-பாவர் குடும்பத்துக்கு 2006-ல் கிளிம்ட்டின் ஓவியங்கள் திரும்பக் கிடைத்த வழக்கிலும் காப்பகத் தாள்கள்தான் பேசின. உயிலில் அந்த வீட்டு அம்மா கேட்டுக்கொண்டது என்ன, படங்கள் உண்மையில் யாருக்குச் சொந்தம் என்பதெல்லாம் பழைய கோப்புகளிலிருந்து வெளியே வந்தன.

எண்ணையும் விட்டுவிடாதீர்கள். டொலேடோ படத்தின் பதிவெண் 29.100.6. அருங்காட்சியகத்துக்கு வந்த ஆண்டு 1929, அந்த ஆண்டில் வந்த வரவுகளில் நூறாவது, அந்த வரவில் ஆறாவது பொருள். நான் மேலே சொன்ன நடனப் பெண்கள் 29.100.34. இணையதளத்தில் 29.100 என்று ஆரம்பிக்கும் எதைப் பார்த்தாலும் அது இந்த வீட்டுச் சரக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

விற்றவர் பக்கத்துத் தாள்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. நியூயார்க்கில் நோட்லர் என்ற ஓவியக் கடை 1846-ல் தொடங்கி 2011-ல் மூடியது. அதன் கணக்குப் புத்தகங்களும் கடிதங்களும் 2012-ல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கெட்டி ஆய்வு நிறுவனத்துக்கு வந்தன. சரக்குப் பதிவேட்டில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எண், எங்கே வாங்கியது, யாருக்குப் போனது. அந்தக் காலத்து வணிகர்கள் பலர் கொள்முதல் விலையை மட்டும் எண்ணில் எழுத மாட்டார்கள். எழுத்து திரும்ப வராத பத்தெழுத்துச் சொல் ஒன்றை ரகசியமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு எழுத்தைப் போடுவார்கள். பக்கத்தில் நிற்கிற வாடிக்கையாளர் எட்டிப் பார்த்தாலும் லாபம் எவ்வளவு என்று தெரியாது. நம்மூர் ஜவுளிக்கடை விலைச்சீட்டிலும் இந்த வித்தை உண்டு. சரி, வாங்கியவர் வீட்டு ரசீதில் விற்ற விலை இருக்கிறது, கடைப் பதிவேட்டில் வாங்கிய விலை இருக்கிறது. இரண்டும் கிடைத்தால்தான் வியாபாரம் முழுதாகத் தெரியும்.

ஒரு காது மட்டும் கேட்கும் பேச்சு

கடிதங்களில்தான் புதியவர்கள் ஏமாறுவார்கள். ஒருவருடைய வீட்டுத் தாள்களில் இருப்பது அவருக்கு வந்த கடிதங்கள். அவர் எழுதியவை அடுத்தவர் வீட்டில் இருக்கும், அங்கே தப்பித்திருந்தால். போனில் பேசுபவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது மாதிரிதான், பாதிப் பேச்சு மட்டும் கிடைக்கும். டெகா தனக்கு எழுதிய கடிதங்களைக் கசாட் சாவதற்கு முன் எரித்துவிட்டதாகச் சொல்வார்கள். ஆக, கசாட் லூயிசினிடம் கொட்டியது நமக்குக் கிடைக்கிறது; டெகா கசாட்டிடம் என்ன சொன்னார் என்பது போய்விட்டது.

அந்தத் தோழிகளின் கதை முடிந்த விதம் இதற்குப் பொருத்தமான உதாரணம். 1923-ல் கசாட்டுக்குக் கிட்டத்தட்ட எண்பது வயது, கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. அவருடைய பிரெஞ்சு வீட்டில் பழைய செப்புத் தகடுகள் சில கிடைத்தன. பல ஆண்டுகளுக்கு முன் அவரே கீறியவை. இவற்றிலிருந்து இதுவரை அச்செடுத்ததே இல்லை என்று நம்பி, புதிதாக அச்செடுத்து லூயிசினுக்கு அனுப்பினார். லூயிசின் அவற்றை மெட்ரோபாலிட்டனின் அச்சோவியப் பிரிவுத் தலைவர் வில்லியம் ஐவின்ஸிடம் காட்டினார். இவை ஏற்கெனவே அச்சானவை, தகடுகள் தேய்ந்திருக்கின்றன என்றார் ஐவின்ஸ். தன் நேர்மையைச் சந்தேகிக்கிறார்கள் என்று கசாட்டுக்கு ஆத்திரம். ஐம்பது வருடத் தோழமை அங்கே முறிந்தது. 1926-ல் கசாட் இறக்கும் வரை அது ஒட்டவில்லை.

தகடுகளைப் பற்றி ஐவின்ஸ் சொன்னதே சரி. முன்பே எடுத்த அச்சுகள் அருங்காட்சியகத்தில் இருந்தன. ஆனால் கோபத்தில் எழுதிய கடிதங்களை மட்டும் ஒருவர் படித்தால் லூயிசின் நன்றி கெட்டவராகத் தெரிவார். அதனால், எந்தத் தாளை எடுத்தாலும் எழுதியவர் அன்று என்ன மனநிலையில் இருந்தார், பதில் எங்கே என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய கடிதங்களில் ‘செவ்வாய்க்கிழமை’ என்று மட்டும் போட்டு ஆண்டு இல்லாமல் இருப்பதும் சாதாரணம். உள்ளே வரும் ஒரு ஏலம், ஒரு சாவு, ஒரு மழை இவற்றை வைத்து ஆண்டைக் கண்டுபிடிப்பார்கள். தவறாகக் கண்டுபிடித்ததும் உண்டு. காப்பாளர் சதுர அடைப்புக்குறிக்குள் ஆண்டைப் போட்டிருந்தால் அது அவருடைய ஊகம்.

பெட்டிக்குள் வராத தாள்கள்

இனி, இந்தத் தொகுப்புகளைப் பற்றி எனக்குள்ள மனத்தாங்கல். அருங்காட்சியகத்துக்கு வருவது கலை பற்றிய தாள்கள். அந்தக் கலையை வாங்கிய பணம் எப்படி வந்தது என்ற தாள்கள் வேறு எங்கோ கிடக்கும்.

1907 நவம்பரில் புரூக்ளின் துறைமுகத்தில், ஹேவ்மேயர் நடத்திய நிறுவனத்தின் எடை மேடைகளைச் சுங்க அதிகாரிகள் சோதித்தார்கள். எடைக்கருவிகளில் துளை போட்டு, உள்ளே கம்பி செருகி, இறக்குமதியான கச்சாச் சர்க்கரை எடை குறைவாகக் காட்டும்படி செய்திருந்தார்கள். எடை குறைந்தால் வரி குறையும். இரண்டு வாரத்தில் ஹேவ்மேயர் இறந்துவிட்டார். அவர் மீது எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஊழியர்கள் சிலர் சிறைக்குப் போனார்கள். 1909-ல் நிறுவனம் 20 லட்சம் டாலருக்கு மேல் அரசுக்குக் கட்டியது. இதைப் படிக்க நீதிமன்றப் பதிவுகளுக்கும் அரசு ஆவணங்களுக்கும் போக வேண்டும். டெகா ஒரு கட்டடத்தில், சர்க்கரை மூட்டை வேறொரு கட்டடத்தில்.

சில குடும்பங்கள் தாள்களைக் காப்பதோடு நிற்பதில்லை. கதையையும் காக்கப் பார்க்கும். எஃகு, நிலக்கரித் தொழிலில் சம்பாதித்த ஹென்றி கிளே ஃப்ரிக் சேர்த்த ஓவியங்கள் நியூயார்க்கில் அவர் வீட்டிலேயே 1935 முதல் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கின்றன. 1892-ல் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலை வேலைநிறுத்தத்தை ஒடுக்கியதில் உயிர்ப்பலி நடந்தது. அந்தப் பெயரும் அவருக்கு உண்டு. மகள் ஹெலன் 1920-ல் தொடங்கிய கலை ஆய்வு நூலகம் இன்றும் உலகத்தரமானது. அதே ஹெலன் 1965-ல், பென்சில்வேனியா வரலாறு எழுதிய ஒருவர் மீது, செத்துப்போன தன் தந்தையைத் தவறாக எழுதிவிட்டார் என்று வழக்குப் போட்டார். 1967-ல் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார். அப்பா மேல் உள்ள பாசம் புரிகிறது. இப்படி ஒருவர் கையில் பெட்டிகள் ஐம்பது வருடம் இருந்தால் எது வெளியே வரும், எது வராது என்ற கேள்வியும் கூடவே வரத்தானே செய்யும்?

குடும்பம் தாள்களைக் கொடுக்கும்போது நிபந்தனை போடுவதும் சகஜம். இத்தனை ஆண்டு யாரும் பார்க்கக் கூடாது, இன்னார் கடிதங்களை நகலெடுக்கக் கூடாது என்றெல்லாம். வழிகாட்டிப் பட்டியலின் முதல் பக்கத்திலேயே அது எழுதியிருக்கும். இன்னொரு சட்ட நுணுக்கம்: கடிதத்தாள் பெற்றவருக்குச் சொந்தம், அதிலுள்ள எழுத்தின் உரிமை எழுதியவருக்கோ வாரிசுகளுக்கோ சொந்தம். தாளைக் கையில் வைத்திருக்கிற காப்பகம்கூடச் சில சமயம் அதை வெளியிட அனுமதி தர முடியாது.

நீங்களே பார்க்க வேண்டுமென்றால்

முதலில் விமானச் சீட்டு வேண்டாம். மெட்ரோபாலிட்டன் இணையதளத்தில் ஏதாவது ஒரு 29.100 ஓவியத்தைத் திறந்து உடைமை வரலாற்றைப் படியுங்கள். ஹேவ்மேயர் வாங்கியதா, அவர் போன பிறகு லூயிசின் வாங்கியதா என்று ஆண்டை வைத்துப் பிரித்துப் பாருங்கள். சில படங்களில் ஓவியர் பெயரே மாறியிருப்பதும் தெரியும். கோயா என்று நம்பி வாங்கிய, மாடத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் படம் இப்போது ‘கோயாவுடையது எனக் கருதப்படுவது’ என்ற இடத்துக்கு இறங்கியிருக்கிறது.

நேரில் எந்தக் காப்பகத்துக்குப் போனாலும் பேனாவை வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். பென்சில் மட்டும்தான். படங்களில் காட்டுகிற வெள்ளைக் கையுறை தாளுக்குத் தேவையில்லை. துணி விரலில் தாளின் ஓரம் கிழிவதுதான் மிச்சம். கழுவி, ஈரம் துடைத்த கை போதும். கையுறை புகைப்படங்களுக்குத்தான். ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, பெட்டியில் ஒரு கோப்பு, கோப்பில் உள்ள வரிசை மாறாமல் தாளைப் புரட்ட வேண்டும்.

படம் எடுக்க அனுமதித்தால், தாளை எடுப்பதற்கு முன் கோப்பின் தலைப்பை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தடவை நாற்பது கடிதங்களைப் படமெடுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். பெட்டி எண்ணும் இல்லை, கோப்பு எண்ணும் இல்லை. காப்பாளருக்கு மின்னஞ்சல் போட்டேன். பொறுமையான மனுஷி. தொகுப்பில் அறுபது பெட்டிகள் இருக்கின்றன, எப்போது திரும்ப வருகிறீர்கள் என்று கேட்டுப் பதில் போட்டார்.